மலையேறும் லாரியும் சமவெளி டீசலும்

டிசம்பர், ஜனவரியில் லடாக்கின் திராஸ், கார்கில் பக்கம் இரவு நிறுத்திய லாரி காலையில் ஒழுங்காகவே ஸ்டார்ட் ஆகலாம். பேட்டரி நன்றாக இருந்தால் செல்ஃப் எடுக்கும், இன்ஜினும் பிடித்துக்கொள்ளும். டிரைவர் சாமியைக் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுப்பார். ஒன்றிரண்டு கிலோமீட்டர் போனதும் இழுவை குறையும். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் வேகம் ஏறாது. திணறித் திணறி நடுரோட்டில் நின்றுவிடும். பம்ப் போய்விட்டதா, இன்ஜெக்டர் கோளாறா, ஏர் பிடித்துவிட்டதா என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் இது எதுவுமே காரணமாக இருக்காது. டேங்கில் உள்ள டீசலிலிருந்து மெழுகு பிரிந்து, ஃபில்டரில் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டி, எரிபொருள் போகும் வழியை அடைத்திருக்கும்.

அந்த இடத்தில் வண்டி நிற்பது சாதாரண பிரேக்டவுன் கிடையாது. வெளியே மைனஸ் 15, மைனஸ் 20 டிகிரி இருக்கும் (இங்கே சொல்வதெல்லாம் செல்சியஸ் கணக்கு). பக்கத்தில் ஒர்க்‌ஷாப் இருக்காது. இன்ஜின் நின்றால் கேபினுக்கு வரும் சூடும் நின்றுவிடும். டிரைவருக்கும் கிளீனருக்கும் அது உயிர்ப் பிரச்சினை. இத்தனைக்கும் அந்தப் பழுது திராஸில் உண்டானதே இல்லை. பல நூறு கிலோமீட்டருக்கு முன்னால், டேங்க் நிரப்பிய பங்க்கிலேயே அது வண்டியில் ஏறிவிட்டது.

டீசல் என்பது ஒரே பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் சேர்ந்த கலவை. அதில் ஒரு பகுதி பாரஃபின்கள், அதாவது கிளையில்லாமல் நேர் சங்கிலியாக நீளும் மூலக்கூறுகள். சங்கிலி நீள நீள அது திடமாகும் வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகும். 12 கார்பன் உள்ள டோடெகேன் சுமார் மைனஸ் 10 டிகிரியில்தான் உறையும். 16 கார்பன் உள்ள ஹெக்சாடெகேன் 18 டிகிரியிலேயே உறைந்துவிடும். 20 கார்பன் உள்ள ஐகோசேன் நம் ஊர் அறை வெப்பத்திலேயே கட்டியாக இருக்கும். உருக 36 டிகிரிக்கு மேல் வேண்டும். இவை எல்லாம் டீசலில் கரைந்திருப்பதால்தான் திரவமாகத் தெரிகின்றன.

மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைவதை நாம் பார்த்திருக்கிறோம். டீசல் அப்படி ஒரேயடியாக இறுகுவதில்லை. குளிர் ஏற ஏற முதலில் நீளமான பாரஃபின்கள் மட்டும் கரைசலை விட்டு வெளியேறும். அவை தட்டையான சிறு படிகங்களாக மிதக்கும். டீசல் மங்கலாகத் தெரியும். இன்னும் குளிர்ந்தால் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்து வலை போலாகி, நடுவில் மிச்சமுள்ள திரவத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். மொத்த டீசலில் 2 சதவீத அளவுக்கு மெழுகு பிரிந்தாலே மீதி 98 சதவீதமும் கூழாக நிற்கப் போதும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒரு முரண் உண்டு. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்ள வேண்டும். எவ்வளவு சுலபமாகப் பற்றுகிறது என்பதை சீட்டேன் எண் சொல்கிறது. அந்த அளவுகோலில் 100 என்று வைத்திருப்பது ஹெக்சாடெகேனைத்தான். அதாவது மிக நன்றாகப் பற்றும் மூலக்கூறும், 18 டிகிரியில் உறையும் மூலக்கூறும் ஒன்றே. நல்ல டீசலுக்கு வேண்டிய குணமே குளிரில் எதிரியாகிவிடுகிறது. மெழுகை மொத்தமாக எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று சுத்திகரிப்பு ஆலைகள் இருந்துவிட முடியாததற்கு இது முக்கியக் காரணம்.

ஒரு டீசல் எந்தக் குளிர் வரை தாங்கும் என்று சொல்ல மூன்று வெப்பநிலைகளைப் பார்ப்பார்கள். முதல் படிகம் தோன்றி டீசல் மங்கலாகும் வெப்பநிலை ஒன்று. ஃபில்டர் அடைத்துக்கொள்ளும் வெப்பநிலை இரண்டாவது. ஊற்றினாலும் அசையாமல் நிற்கும் நிலைக்குச் சற்று மேலே உள்ள வெப்பநிலை மூன்றாவது. லாரிக்காரருக்கு முக்கியமானது நடுவில் உள்ளதுதான். அதற்கான பரிசோதனை எளிமையானது: குளிர வைத்த டீசலை 45 மைக்ரான் கம்பி வலை வழியாக லேசான உறிஞ்சலில் இழுப்பார்கள். 20 மில்லி டீசல் 60 விநாடிக்குள் ஏறாவிட்டால் அதுதான் எல்லை. ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் டீசல் போகும் இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களின் ஃபில்டர் துளைகள் இந்த 45 மைக்ரானைவிடப் பல மடங்கு சிறியவை. அதனால் ஆய்வகம் சொல்லும் எண்ணைக் கடைசி எல்லையாகக் கொள்ளாமல், அதற்குச் சில டிகிரி முன்பே உஷாராவது நல்லது.

இனி நம் நாட்டுத் தரத்துக்கு வருவோம். டீசலுக்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1460. நவம்பர் முதல் பிப்ரவரி வரை அதற்குக் குளிர்காலம், மற்ற மாதங்கள் கோடை. கோடையில் ஃபில்டர் அடைக்கும் எல்லை 18 டிகிரி வரை இருக்கலாம். குளிர்காலத்தில் 6 டிகிரி வரை இருக்கலாம். டீசல் அசையாமல் நிற்கும் எல்லை கோடையில் 15, குளிர்காலத்தில் 3. மைனஸ் குறியே இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆலையிலிருந்து வரும் டீசல் பல சமயம் இதைவிட நன்றாகவே இருக்கும். ஆனால் தரம் உறுதி சொல்வது இவ்வளவுதான். நாட்டின் பெரும்பகுதிக்கு இது போதும். சென்னைக்கும் மதுரைக்கும் போதுமானதற்கு மேலே. பனி விழும் உயரத்துக்கு ஏறும் சாலைகளுக்கு இது போதாது.

ஐரோப்பாவில் இஎன் 590 என்ற தரம் இதைப் பல படிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. மிதமான காலநிலைக்கு ப்ளஸ் 5 டிகிரியிலிருந்து மைனஸ் 20 வரை ஆறு வகுப்பு. வட துருவத்தை ஒட்டிய நாடுகளுக்கு மைனஸ் 20-லிருந்து மைனஸ் 44 வரை தனியாக ஐந்து வகுப்பு. எந்த மாதம் எந்த வகுப்பு என்று அந்தந்த நாடு முடிவு செய்துகொள்கிறது. ஜெர்மனியில் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி கடைசி வரை பங்க்கில் விற்கும் டீசல் மைனஸ் 20 வரை ஃபில்டரை அடைக்கக் கூடாது. தேதி குறித்து வைத்த விதி அது. டிரைவர் எதையும் கேட்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் அப்படியொரு கட்டாய எண் கிடையாது. மாநில வாரியாக, மாத வாரியாக எவ்வளவு குளிர் வரும் என்ற அட்டவணையைத் தரம் வழிகாட்டியாகத் தருகிறது. விற்பவரும் வாங்குபவரும் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர் மாநிலங்களில் வழக்கமான இரண்டாம் எண் டீசலோடு, மண்ணெண்ணெய் போன்ற மெல்லிய முதலாம் எண் டீசலைக் கலந்து விற்பார்கள்.

இந்த விதிகள் எல்லாவற்றிலும் ஒரு பொது அனுமானம் இருக்கிறது: டீசலை வாங்கிய இடத்திலேயே எரிப்பார்கள் என்பது. காருக்கு அது சரி. லாரிக்கு அது கொஞ்சமும் சரிவராது.

டேங்க்கோடு பயணிக்கும் காலநிலை

நாமக்கல் வழியாகப் போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை கன்னியாகுமரியில் தொடங்கி ஸ்ரீநகரில் முடிகிறது. தமிழ்நாட்டு லாரிகள் அந்தச் சாலையின் இரண்டு முனைக்கும் ஓடுகின்றன. காஷ்மீர் ஆப்பிள் லோடு ஏற்றுவதற்காகச் செல்லும் வண்டிகளுக்கு செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை நல்ல சீசன். சீசனின் கடைசியில் பனி ஆரம்பித்துவிடும். 350 லிட்டர் டேங்க் உள்ள லாரி, லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால், ஒரு முறை நிரப்பி 1,400 கிலோமீட்டர் ஓடும். ஆக்ராவில் நிரப்பிய டீசலோடு ஜம்முவைத் தாண்டி மலையேற முடியும் என்று அர்த்தம்.

அப்படி நிரப்புவதற்கு நியாயமான காரணமும் உண்டு. மாநிலத்துக்கு மாநிலம் டீசல் வரி வேறு, விலை வேறு. எந்த மாநில எல்லைக்கு முன்னால் நிரப்பினால் லாபம் என்பது லாரித் தொழிலின் அடிப்படைக் கணக்கு. முதலாளி சொல்லும் பங்க்கில்தான் போட வேண்டும், கம்பெனி கார்டு செல்லுபடியாகும் இடத்தில்தான் போட வேண்டும் என்ற கட்டுப்பாடுகளும் இருக்கும். இரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்க நிரப்பிய டேங்க் மலைமேல் போய்ப் பழிவாங்கும் என்று யாரும் டிரைவருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

உயரம் கூடினால் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி குளிரும். ஜம்மு கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் சுமாரில் இருக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் வழியில் உள்ள சோஜி லா கணவாய் 3,528 மீட்டர். ஜம்முவில் காலை 8 டிகிரி இருக்கும்போது, உயரத்தின் கணக்கு மட்டுமே கணவாயில் 20 டிகிரிக்கு மேல் கழித்துவிடும். கணவாயைத் தாண்டினால் வரும் திராஸ், நாட்டிலேயே மிகக் கடுங்குளிரான குடியிருப்புகளில் ஒன்று. ஒரு காலத்தில் இந்தக் கணவாயை மாதக்கணக்கில் மூடி வைத்திருப்பார்கள். குளிர்கால லாரிப் போக்குவரத்து என்ற கேள்வியே எழாது. எல்லைச் சாலைகள் அமைப்பு பனியை வெட்டித் தள்ளித் தள்ளி, 2025-ல் மூடியிருந்த நாட்களை 32-ஆகக் குறைத்துவிட்டது. மணாலி பக்கம் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரில் திறந்ததிலிருந்து லாஹௌல் பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்திலும் வண்டி போகிறது. சாலைகள் திறந்திருக்கும் நாட்கள் கூடக் கூட, தவறான டீசலோடு குளிரில் மாட்டும் வண்டிகளும் கூடத்தான் செய்யும்.

ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. இன்ஜினுக்குப் போன டீசலில் எரிந்தது போக மிச்சம் சூடாகி, ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க்குக்குத் திரும்பும். டேங்க் கதகதப்பாக இருக்கும். ஆபத்து நிற்கும்போதுதான். ஜம்மு-ஸ்ரீநகர் சாலையில் மண்சரிவோ பனியோ வந்தால் நூற்றுக்கணக்கான ஆப்பிள் லாரிகள் நாட்கணக்கில் வரிசை கட்டி நிற்பது வருடாவருடம் நடக்கிறது. டீசலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைப்பார்கள். ஓர் இரவுக்குள் டேங்க், லைன், ஃபில்டர் எல்லாம் வெளிக்குளிருக்கே இறங்கிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு அரசுத் தரப்பில் வந்த முக்கியமான பதில் 2019-ல். லடாக் யூனியன் பிரதேசமானது அந்த அக்டோபர் 31. நவம்பர் 17-ம் தேதி, இந்தியன் ஆயில் நிறுவனத்தின் குளிர்கால ரக டீசலை உள்துறை அமைச்சர் அமித் ஷா காணொலி வழியாகத் தொடங்கிவைத்தார். பானிபட் ஆலையில் தயாரான அந்த டீசல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாமல் ஓடும். அதுவரை லே, கார்கில், இமாச்சலத்தின் கேலாங், காசா பகுதி மக்கள் குளிர்காலத்தில் டீசல் வண்டியை எடுக்கவே படாதபாடு பட்டார்கள். 3,500 மீட்டர் உயரத்தில் வாழும் மக்களுக்குச் சமவெளி டீசலையே இத்தனை வருடம் விற்றுவந்தோம் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தரும் விஷயம். வந்தது நல்லது, மிகத் தாமதமாக வந்தது.

ஆனால் இதைக் கொண்டு வெளியூர் லாரியின் பிரச்சினை தீரவில்லை. லேயில் நல்ல டீசல் கிடைக்கிறது என்பது லேவுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பயன்படும். கீழே நிரப்பிய பழைய டீசல் டேங்கில் முக்கால்வாசி இருக்க, மேலே நூறு லிட்டர் நல்லது ஊற்றினால் கலவை பழையதன் பக்கமே சாயும். மலைச்சாலைக்குக் கிளம்பும் வண்டி, டேங்க் பாதிக்குக் கீழே இருக்கும்படி கணக்குப் பண்ணி வந்து, கடைசி பெரிய ஊரில் அந்தப் பகுதிக்கான டீசலை நிரப்ப வேண்டும். இதுதான் செய்யக்கூடியவற்றிலேயே அதிகப் பலன் தருவது. செலவும் ஏறக்குறைய இல்லை.

வட அமெரிக்காவிலும் கதை இதேதான். டொராண்டோவில் லாரி ஓட்டும் நம் ஈழத்தமிழ்ச் சகோதரர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கும். பெரிய டிரெய்லர் வண்டிகளில் இரண்டு டேங்க் சேர்த்து ஆயிரம் லிட்டர் வரை பிடிக்கும். ஜனவரியில் ஜார்ஜியாவில் நிரப்பிவிட்டு ஐ-75 சாலையில் வடக்கே ஏறினால், மிச்சிகன் பனிக்குள் அதே தெற்கத்தி டீசலோடு நுழையலாம். சில சமயம் வண்டி குளிரைத் தேடிப் போக வேண்டியதுகூட இல்லை, குளிரே தேடி வரும். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்தது அதுதான். டாலஸில் மைனஸ் 19 வரை இறங்கியது. அந்த ஊர் பங்க்குகளில் இருந்ததோ அப்படியொரு குளிரை எதிர்பார்க்காத டீசல். வண்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன.

ஆலையில் என்ன செய்கிறார்கள்

குளிர்கால டீசலைத் தயாரிக்க ஒரே வழி என்று எதுவும் இல்லை. காய்ச்சி வடிக்கும்போது மேல் வெப்பநிலையைக் குறைத்து, நீளமான பாரஃபின்களை டீசலில் சேராமல் ஒதுக்கலாம். மண்ணெண்ணெய்ப் பகுதியைக் கூடுதலாகச் சேர்க்கலாம். வினையூக்கியைப் பயன்படுத்தி நேர்ச் சங்கிலிகளைக் கிளைச் சங்கிலிகளாக மாற்றலாம்; கிளை உள்ள மூலக்கூறுகள் அடுக்கடுக்காகச் சேராது என்பதால் உறைநிலை வெகுவாக இறங்கும். கடைசியாக, டீசலில் சிறிதளவு கலக்கும் சேர்க்கைப் பொருட்கள். மெழுகு உருவாவதை இவை தடுப்பதில்லை. படிகத்தின் வடிவத்தை மாற்றுகின்றன. பெரிய தட்டுகளாக வளர வேண்டியவை பொடிப் பொடி ஊசிகளாக வளரும். ஃபில்டரில் படிந்தாலும் இடையில் டீசல் கசிந்து போக வழி இருக்கும்.

இதையெல்லாம் வருடம் முழுக்க, நாடு முழுக்கச் செய்யலாமே என்று கேட்கலாம். மண்ணெண்ணெய்ப் பகுதிதான் விமான எரிபொருளுக்கும் மூலம். அதை டீசலில் கொட்டினால் அங்கே குறையும். மெல்லிய டீசலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றலும் குறைவு, மைலேஜ் இறங்கும். திருச்சியில் ஓடும் வண்டிக்கு லேயின் டீசலை ஊற்றுவதால் யாருக்கும் லாபமில்லை. பகுதிக்கு ஏற்ற டீசல் என்ற ஏற்பாடே சரியானது.

பயோடீசல் பற்றியும் ஒரு வார்த்தை. எந்த எண்ணெயிலிருந்து வந்ததோ அதன் குணம் அதில் இருக்கும். பாமாயிலிலிருந்து செய்தது 15 டிகிரி சுமாரிலேயே மங்கத் தொடங்கும். கனோலா எண்ணெயிலிருந்து செய்தது பூஜ்ஜியத்துக்குக் கீழேயும் தாங்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் கோடையில் 20 சதவீத பயோடீசல் கலக்கச் சொல்லிவிட்டு, குளிர் மாதங்களில் அதை 5 சதவீதமாக இறக்கிக்கொள்வது இதனால்தான்.

டிரைவர்களின் கைவைத்தியம்

மலைச்சாலைகளில் காலையில் லாரிக்கு அடியில் தீ எரிவதைப் பார்க்கலாம். டேங்க்குக்குக் கீழே விறகோ பழைய துணியோ கொளுத்தி, மெழுகை உருக்கப் பார்ப்பார்கள். டீசல் பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது என்ற நம்பிக்கையில் செய்வது. ஆனால் டேங்க்கைச் சுற்றி ரப்பர் ஹோஸ், வயரிங், பிரேக்கின் ஏர் பைப் எல்லாம் இருக்கின்றன. வருடக்கணக்கில் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. அதில் ஒன்று பற்றினாலும் லோடோடு போய்விடும். ஏர் பைப் லேசாக உருகிப் பலவீனமாகி, இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போவது அதைவிட மோசம்; காலையில் தப்பித்தோம் என்று நினைத்த ஆபத்து மதியம் வரும். அந்த டிரைவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு வழியே காட்டாதபோது மனிதர் தீயைத்தான் நாடுவார். வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டர் மீது சுற்றுவதும், முடிந்தால் வண்டியைக் கூரைக்குள் இழுத்துப்போய் வைப்பதும் மெதுவான வழிகள். ஆனால் பாதுகாப்பானவை அவைதான்.

அடுத்தது மண்ணெண்ணெய். பழைய வண்டிகளின் காலத்தில் இது நன்றாகவே வேலை செய்தது, பட்டாளத்து வண்டிகளிலும் ஊற்றினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு உதவும் என்று தெரியும். 10 சதவீதம் கலந்தால் ஃபில்டர் அடைக்கும் எல்லை சுமார் 2 டிகிரி இறங்கும். 6 டிகிரியில் இருக்கும் டீசலை மைனஸ் 20-க்குக் கொண்டுபோக ஒரு கேன் மண்ணெண்ணெய் எதுவும் செய்துவிடாது. ரேஷன் மண்ணெண்ணெயை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். பிஎஸ் 6 (பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை மாசு விதி) வண்டிக்கு அது விஷம் என்பது இன்னொருபுறம். பிஎஸ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. மண்ணெண்ணெயில் 2,500 பங்கு வரை தரமே அனுமதிக்கிறது. 250 மடங்கு. புகைபோக்கியில் இருக்கும் வினையூக்கிகளை அந்தக் கந்தகம் கெடுத்துவிடும். லட்சக்கணக்கில் செலவு வைக்கும். மண்ணெண்ணெயில் வழவழப்பும் குறைவு. டீசலையே எண்ணெயாகப் பயன்படுத்திக்கொள்ளும் உயரழுத்த பம்ப் தேய்ந்துபோகும்.

பெட்ரோல் கலப்பதைப் பற்றி இன்னும் சிலர் சொல்வதுண்டு. ஐரோப்பாவின் பழைய டீசல் வண்டிக் கையேடுகள் சிலவற்றில் அதற்கு அனுமதி இருந்தது உண்மை. இன்றைய இன்ஜின்களுக்கு அது கூடவே கூடாது. வழவழப்பும் போகும், டேங்கில் தீப்பற்றும் அபாயமும் ஏறும்.

கடைகளில் உறைவுத் தடுப்புத் திரவங்கள் பாட்டிலில் கிடைக்கின்றன. ஆலையில் கலக்கும் சேர்க்கைப் பொருட்களின் தம்பிகள்தான் இவை. உண்மையாகவே வேலை செய்யும், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: டீசல் மங்கத் தொடங்குவதற்கு முன்பே, அது வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றிக் கலந்துவிட வேண்டும். படிகம் உருவான பிறகு ஊற்றினால் அதன் வடிவத்தை மாற்ற முடியாது. டேங்கில் முதலில் திரவத்தை ஊற்றிவிட்டு மேலே டீசல் நிரப்பினால் தானாகக் கலந்துகொள்ளும். அடைத்துக்கொண்ட பிறகு மெழுகைக் கரைக்கும் திரவங்கள் வேறு. அவை அவசரத்துக்கு மட்டும்.

அடைத்துவிட்டது, நிற்கிறோம் என்றால்? செல்ஃப் அடித்துக்கொண்டே இருந்தால் பேட்டரி டவுனாகும். குளிரில் பேட்டரி பாதி பலத்தோடுதான் இருக்கும். இன்ஜின் ஆயில் கெட்டியாகி அதன் மேல் இன்னும் பாரம் ஏற்றியிருக்கும். கையில் ஒரு மாற்று ஃபில்டர் இருந்தால் மாற்றி, நல்ல டீசலால் அதை நிரப்பி, பிரைமிங் பம்ப்பை அடித்து ஏர் எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். டேங்கில் டீசல் கூழாகவே இருந்தால் அந்தப் புது ஃபில்டரும் சீக்கிரம் அடைக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. கழற்றிய ஃபில்டரைப் பாருங்கள். வெள்ளையாக, கிரீஸ் மாதிரி வழவழவென்று இருந்தால் மெழுகு. நறுக்நறுக்கென்று கண்ணாடித் துகள் மாதிரி இருந்தால் அது தண்ணீர் உறைந்தது. தண்ணீருக்கு எந்தக் குளிர்கால டீசலும் மருந்தல்ல. வாட்டர் செபரேட்டரை மலையேறும் முன் திறந்து வடித்துவிடுவதுதான் மருந்து.

ராத்திரி முழுக்க இன்ஜினை ஓடவிடுவது பழைய வழக்கம். பெரிய லாரி ஐடிலிங்கில் மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும். பத்து மணி நேரத்துக்கு 30 லிட்டர். கனடாவின் வின்னிபெக், எட்மண்டன் போன்ற ஊர்களில் பார்க்கிங்கிலேயே மின் பிளக் வைத்திருக்கிறார்கள். இன்ஜினுக்குள் இருக்கும் ஹீட்டரை அதில் மாட்டிவிடலாம். கேபினுக்குத் தனியாக டீசலில் எரியும் சிறு ஹீட்டரும் அந்த ஊர் வண்டிகளில் சகஜம். நம் மலைச்சாலை லாரிகளில் இவை அரிது. அதனால் ஸ்டவ்வையோ கரி அடுப்பையோ கேபினுக்குள் வைத்துக் கதவை அடைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இதைத் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே கொன்றுவிடும்.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய வண்டிகளில் இன்னொரு திரவமும் குளிருக்குப் பயப்படுகிறது. புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும் யூரியா கரைசல், பங்க்குகளில் டிஇஎஃப் அல்லது ஆட்புளூ என்று விற்பது. அது 32.5 சதவீத யூரியா, மீதி தண்ணீர். மைனஸ் 11 டிகிரியில் உறையும், உறையும்போது விரியும். அதனால் குளிர் பகுதிக்குப் போகும்போது அந்த டேங்க்கை விளிம்பு வரை நிரப்பக் கூடாது. உறைந்தாலும் கெட்டுப்போகாது; இன்ஜின் சூடானதும் உருகிச் சரியாகிவிடும். உறையாமல் இருக்கட்டும் என்று அதில் வெந்நீரையோ ஸ்பிரிட்டையோ ஊற்றினால்தான் கெடும், விலையுயர்ந்த பாகங்களையும் சேர்த்துக் கெடுக்கும்.

இவ்வளவும் டிரைவர் தலையில் கட்டக்கூடிய சுமை அல்ல என்பதே என் எண்ணம். நம் பங்க்குகளில் அன்றைய டீசலின் அடர்த்தியை எழுதி வைக்கிறார்கள். எத்தனை டிகிரி வரை ஃபில்டரை அடைக்காது என்பதை எழுதி வைப்பதில்லை. அந்த எண் ஆலையின் தரச் சான்றிதழில் ஏற்கெனவே இருக்கிறது. டேங்கர் லாரியோடு அதுவும் பங்க்குக்கு வந்துசேரும்படி செய்துவிடலாம். பதான்கோட், ஜம்மு, மணாலி போல மலை தொடங்கும் ஊர்களில் நவம்பர் முதல் அந்த எண்ணைப் பம்ப்பின் மேலேயே பெரிதாக ஒட்ட வேண்டும். அந்த ஊர்களிலேயே, லேவுக்குப் போகும் லாரிகளுக்காகக் குளிர்கால டீசலுக்கு ஒரு தனிப் பம்ப்பும் வேண்டும். லாரி உரிமையாளர் சங்கங்கள் டீசல் விலைக்கும் சுங்கக் கட்டணத்துக்கும் போராடுகிற அளவுக்கு இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. ஆப்பிள் சீசன் தொடங்கும் முன், செப்டம்பருக்குள், எண்ணெய் நிறுவனங்களிடம் அவர்கள் எழுதிக் கேட்கலாம். அதுவரை, வடக்கே போகும் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மாற்று ஃபில்டரையும், அதைக் கழற்ற ஸ்பேனரையும், தடுப்புத் திரவம் ஒரு பாட்டிலையும் முதலாளிகள் தங்கள் செலவில் கொடுத்தனுப்ப வேண்டும். டயருக்கு ஸ்டெப்னி கொடுக்காமல் எந்த முதலாளியும் வண்டியை அனுப்புவதில்லையே.